மூடி வைத்த பீப்பா

அப்பா குளித்த தண்ணீரைக் குடித்தால் நானும் அப்பாவாகவே ஆகிவிடுவேன் என்று ஒரு காலத்தில் மனதார நம்பினேன். சிரிக்க வேண்டாம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் கணக்கு இருந்தது. கோயிலில் சாமியைக் குளிப்பாட்டிய தண்ணீரை ஐயர் நம் உள்ளங்கையில் ஊற்றுகிறார். குடித்தால் சாமியின் அருள் உள்ளே இறங்குகிறது. அப்படியானால் அப்பாவைக் குளிப்பாட்டிய தண்ணீரைக் குடித்தால் எது இறங்கும்? அப்பாவின் வழுக்கை, அப்பாவின் குறட்டை, காதோரம் புதர்போல் நிற்கும் அந்த முடி. இன்று என்னைப் பார்ப்பவர்கள், கணக்கு சரியாகத்தானே வந்திருக்கிறது என்பார்கள். பரம்பரைக்கும் பீப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. காதிலும் இடமில்லை, முடி.

என் வயதுக்காரர்களுக்கு அந்த வறட்சி ஞாபகம் இருக்கும். மாசி பிறந்தும் மழையில்லை, பங்குனி வந்தும் மழையில்லை. கண்டி டவுனுக்கு மேலே, ஏறி ஏறி முழங்கால் தேயும் சரிவில் எங்கள் வீடு. கீழ் ரோட்டு வீடுகள் எல்லாம் பிடித்து முடித்து மிச்சம் மீதி இருந்தால்தான் எங்கள் குழாய்க்குத் தண்ணீர் ஏறும். பெரும்பாலும் காற்றுதான் வரும், ஆஸ்துமாக்காரர்போல் இருமிக்கொண்டு. மற்ற நாட்களில் தண்ணீர் ஏற்றிய பவுசர் லாரி வரும் என்று சொல்வார்கள். இல்லாவிட்டால் கீழே பள்ளத்தில் கல்லிடுக்கிலிருந்து விழும் பீலி. அங்கே குடத்தை வைத்துவிட்டுப் போய்ப் பாடம் படித்து முடித்துத் திரும்பினாலும் குடம் கழுத்து வரை நிறைந்திருக்காது.

அந்த வருடம்தான் என் சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, கல்யாணம் நிச்சயமானது. அம்மாவிடம் அந்தூரியம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கறுப்பு வலைக்குக் கீழே, தேங்காய் மட்டை நிரப்பிய தொட்டிகளில் வரிசை வரிசையாக. மெழுகில் செய்தது மாதிரி சிவப்புப் பூ. மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் அம்மா எழுந்து நின்று சொல்லிவிட்டாள்: "மணவறைப் பூ என் பொறுப்பு. கடைப்பூ ஒண்ணுகூட வேணாம்."

அப்பாவின் அக்கா, என் அத்தை, அந்தச் சபையில் இருந்தாள். அம்மாவைவிட உரத்த குரல் அவளுக்கு. "நல்ல யோசனைதான். எதுக்கும் பூக்கடைக்காரன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. மழ பெய்யிற மாதிரி தெரியல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அது வந்தால் வீட்டில் ஏதோ ஒரு சட்டம் பிறக்கப்போகிறது.

பிறந்தது. குளிக்கும்போது எல்லோரும் பெரிய அலுமினிய பேசினுக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். ஒரு சொட்டு வெளியே தெறித்தாலும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வரும்: "யாருடா அது, சுவரக் குளிப்பாட்டுறது?" துணி துவைப்பதில் சவுக்காரம் போட்டுக் கும்மிய முதல் தண்ணீர் சாக்கடைக்கு. அதை ஒரு தடவை பூவுக்கு ஊற்றிப் பார்த்து, ஒரு தொட்டி இலை ஓரமெல்லாம் கருகிச் செத்த பிறகு வந்த சட்டம் அது. அலசிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் பீப்பாவுக்கு. மீன்சட்டி கழுவியது, கைக்குழந்தையாயிருந்த எங்கள் பாப்பாவின் துணி அலசியது, இரண்டும் பீப்பாப் பக்கமே வரக்கூடாது. பீப்பாத் தண்ணீர் கக்கூஸுக்கும் அந்தூரியத்துக்கும் மட்டும். வல்லாரைப் பாத்திக்கு ஏன் ஊற்றக்கூடாது என்று கேட்டேன். "நாளைக்கு அதப் பச்சையா சம்பல் போட்டுத் திங்கப் போறவன் நீதானே?" என்றாள் அம்மா. பூவுக்கு ஊற்றும்போதும் இலையில் படாமல், மட்டை நனைய, வேரோடு ஊற்ற வேண்டும். ஊற்றிய கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கழுவிய தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று நான் கேட்டதற்குக் கிடைத்தது குட்டு.

அன்றைய தண்ணீர் அன்றைக்கே தீர வேண்டும் என்பதும் சட்டம்தான். ஆனால் பாப்பாவையும் அடுப்பையும் பீலியையும் ஒருத்தியே பார்க்கும் வீட்டில் அந்தச் சட்டம் சில நாள் தூங்கிவிடும்.

பீப்பாவை அப்பா கொண்டுவந்தார். பிலிமத்தலாவையில் ஓர் இரும்புக் கடையில் அவருக்கு வேலை. நீல நிறம், இறுக்கமான மூடி. நுளம்பு முட்டையிடாமலிருக்க மூடி, மூடி நகராமலிருக்க மேலே ஒரு கல். முடியும் நூலும் சேராமல் பழைய வேட்டியில் வடிகட்டித்தான் அம்மா உள்ளே ஊற்றுவாள். ஆகவே திறந்து பார்த்தால் தண்ணீர் அப்படியொன்றும் அழுக்காகத் தெரியாது. லேசாக வெளிறியிருக்கும், சந்தனச் சவுக்காரம் மணக்கும். இப்போது யோசித்தால், அந்தத் தெளிவுதான் வினை. நாறித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கல்யாணம் முடியும்வரை தங்கியிருக்க அத்தை தெல்தெனியவிலிருந்து வருகிறாள் என்று செய்தி வந்த அன்று, அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"பீப்பா விஷயம் அத்தைகிட்ட மூச்சு விடக்கூடாது."

"ஏம்மா?"

"குளிச்ச தண்ணியச் சேத்து வச்சுப் புழங்குறா தம்பி பொண்டாட்டின்னு தெல்தெனிய பூரா தமுக்கு அடிச்சிருவாங்க. கல்யாண வீட்டுல என் தல குனிய வேணாம். சாமி சத்தியம் பண்ணு."

"சாமி சத்தியமா."

அத்தையிடம் சொல்வதற்கு அம்மா தயார் செய்தது ஒரே ஒரு வசனம்: "அண்ணி, அந்த நீலப் பீப்பாவ மட்டும் தொடாதீங்க." ஏன் என்று சொல்லவில்லை. ஒரு மூடி, ஒரு கல், காரணமில்லாத ஒரு தடை. ஒரு நாத்தனாருக்கு அதைவிடப் பெரிய அழைப்பிதழ் அச்சடிக்க முடியாது. இது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று வீட்டிலிருந்த பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

அத்தை வந்து இறங்கியதிலிருந்து வறட்சியைப் பற்றித்தான் பேச்சு. "விக்டோரியா அணை வத்திப் போச்சு தம்பி. தண்ணிக்குள்ள போன பழைய தெல்தெனிய டவுன் வெளியில தெரியுது. நான் மொதல் சீலை வாங்கின கடையோட படி தெரியுது. போய் ஏறி நின்னு பாத்துட்டு வந்தேன்" என்றாள் அப்பாவிடம். இரவுச் சாப்பாட்டுக்குள் அந்த வசனத்தையும் அம்மா சொல்லிவிட்டாள். அத்தை "ம்" என்றாள். அந்த "ம்" நீளமாக இருந்தது.

மறுநாள் பகல், எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை, அம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பீலிக்குப் போயிருந்தாள். குசினிப் பானையில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அத்தை பானையை எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின் கதவு வழியாகப் பீப்பாவைப் பார்த்தாள்.

"மருமகனே, அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா கல்லு வச்சிருக்கு?"

"அம்மா... சொல்லக்கூடாதுன்னு..."

அவ்வளவுதான். அத்தையின் முகத்தில் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. "நெனச்சேன். நாத்தனாருக்குப் பானையோட அடித்தண்ணி. அவ வீட்டாளுங்க கல்யாணத்துக்கு வந்தா குடிக்கப் பீப்பா நெறய நல்ல தண்ணி." கல்லைத் தூக்கிக் கீழே வைத்தாள். மூடியைத் திறந்து மோந்தாள். கண்கள் விரிந்தன. "ஐயோ, பன்னீரு வேற கலந்து வச்சிருக்காளே! சந்தனம் மணக்குது!"

"அத்தை வேணாம் அத்தை..."

"பயப்படாத. உங்க ஆத்தாகிட்ட நானும் சொல்லமாட்டேன்." ஒரு டம்ளர் மொண்டு, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தாள். முகம் சற்றுக் கோணியது. பன்னீர் அதிகம் என்று நினைத்திருப்பாள். மீண்டும் மொண்டு எனக்கு அரை டம்ளர் நீட்டினாள். "குடி. எங்க தம்பி மகனுக்கு இல்லாத தண்ணி யாருக்குடா?"

நான் ஏன் குடித்தேன் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். சத்தியம் ஒரு பக்கம், அத்தையின் வளையல் போட்ட கை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் வாய்தான் திறந்தது. குடித்துவிட்டேன். குடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அன்று காலை பேசினில் நின்றவர் அப்பா.

அன்று முழுக்க நான் அலுமாரிக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மூக்குக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தேன். தலைமுடியைப் பிடித்து இழுத்தேன், நாலைந்து கையோடு வந்தன. ஆரம்பித்துவிட்டது என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் என் மாபிள்களை எல்லாம் கொடுத்து, "இனிமே எனக்கு வெளாட நேரம் இருக்காது, வேலைக்குப் போகணும்" என்றேன். அவன் காரணம் கேட்கவில்லை. மாபிள்களை மட்டும் எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயந்தாங்கொள்ளிக்கும் பிடிவாதம் உண்டு. நான் அப்பாவாக மாறினால் மாறிவிட்டுப் போகிறேன். அத்தையும் இன்னும் குடித்து அப்பாவாக மாறிவிட்டால் வீட்டில் மூன்று அப்பாக்கள் ஆகிவிடுமே, அதை எப்படியும் தடுத்தாக வேண்டும். சத்தியத்தை மீறவும் முடியாது. ஒரே வழிதான் இருந்தது: அத்தை கை வைக்கும்போது பீப்பாவில் தண்ணீர் இருக்கக்கூடாது.

அன்றிலிருந்து நான் பீப்பாவின் எதிரியானேன். அப்பா குளித்துத் தலை துவட்டுவதற்குள் பேசினை இழுத்துக்கொண்டு ஓடுவேன். அம்மா அலசி முடித்ததும் வாளி என் கையில். மட்டை மட்டையாக, வேர் வேராக, இலையில் ஒரு சொட்டுப் படாமல் ஊற்றுவேன். மிச்சம் கக்கூஸுக்கு. அத்தை மூடியைத் திறக்கும் சத்தம் கேட்கும், பிறகு காலிப் பீப்பாவுக்குள் அவள் முனகும் சத்தம் எதிரொலிக்கும். அந்தூரியத்துக்கு வாழ்வு வந்தது. தேங்கிய தண்ணீரில் சோர்ந்து கிடந்த செடிகள் புதுத் தண்ணீர் பட்டு நிமிர்ந்தன. சுருண்ட மொட்டுகள் தண்டோடு எழும்பின. "என் புள்ளைக்கு இருக்கிற பொறுப்பப் பாருங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அத்தையோ என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஆத்தாளுக்கேத்த புள்ள" என்று பல்லைக் கடித்தாள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சனி, ஞாயிறு முழுவதும் கல்யாணச் சேலை எடுப்பதற்காக அம்மாவோடு டவுனில் அலைந்தோம். அத்தை அப்பாவோடு உறவுக்காரர் வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். சனிக்கிழமை காலை குளித்த தண்ணீரோடு பீப்பா அப்படியே கிடந்தது. திங்கட்கிழமை காலை பாதித் தூக்கத்தில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்தபோது பீப்பாவின் கல் கீழே இருந்தது. மூடி சரியாகப் பொருந்தவில்லை. கிட்டப் போனேன். சந்தனம் மணக்கவில்லை. புளித்த வாடை அடித்தது. அத்தை கதிரையில் சாய்ந்து, "இன்னைக்குப் பன்னீரு கொறவு" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து அத்தைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. மத்தியானம் காய்ச்சல். பொழுது சாய்வதற்குள் கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்பா முச்சக்கரவண்டி பிடித்து வந்தார். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் பாப்பாவும் அம்மாவின் மடியில்.

டிஸ்பென்சரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அத்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "என்ன சாப்பிட்டனீங்கள்? தண்ணி எங்கையிருந்து?"

"கொதிக்க வச்ச தண்ணிதான் டாக்டர் குடுக்கிறோம்" என்றாள் அம்மா. அது உண்மை.

"ஆமா, கொதிக்க வச்சதுதான்" என்றாள் அத்தை ஈனக்குரலில். அது பொய். திருடிக் குடித்ததைத் தம்பி பொண்டாட்டி முன்னால் எப்படிச் சொல்வாள்?

"அப்ப கடைச் சாப்பாடாத்தான் இருக்கும்" என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அந்த அறையில் இரண்டு ரகசியமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் மூக்குத்திப் பக்கம் வியர்வை கோத்து நின்றது. சாமி என்னைத் தண்டித்தால் தண்டிக்கட்டும், ஏற்கனவே பாதி அப்பாவாகிவிட்டவனை இன்னும் என்ன செய்துவிடும் என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

"கடைச் சாப்பாடு இல்ல டாக்டர். அத்தை பீப்பாத் தண்ணியக் குடிச்சாங்க. நேத்து குடிச்சது பழசு, நாறிச்சு. அது குளிச்ச தண்ணி. துணி அலசின தண்ணி. போன வாரம் நானும் குடிச்சேன்."

அம்மாவின் முகம் பார்க்க முடியாதபடி குனிந்தது. டாக்டர் எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினார். "இதை முதல்லயே சொல்லியிருக்கோணும். வைத்தியம் வேற மாதிரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, சேலைன் ஏத்தோணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உமக்கு என்ன செய்யுது?"

"நான் எப்ப டாக்டர் அப்பாவா மாறுவேன்?"

அவர் என்னைப் பார்த்தார். அப்பாவின் தலையைப் பார்த்தார். "அதுக்கு இன்னும் கனகாலம் கிடக்கு. பயப்பிடாதையும்."

அத்தை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறி, கண் திறந்து, குரலும் திரும்பி வந்த பிறகுதான் சண்டை ஆரம்பித்தது. கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டாள்: "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க என்ன நெனப்பீங்க அண்ணி?"

"இப்ப மட்டும் என்ன நெனச்சேன்? எனக்குத் தராம நல்ல தண்ணிய நீ ஒளிச்சு வைக்கிறதா நெனச்சேன்! குளிச்ச தண்ணின்னு சொல்லியிருந்தா எவ குடிப்பா?"

"தெல்தெனிய பூரா சொல்லுவீங்கன்னு..."

"சொல்லத்தான் செய்வேன். அங்க எவளுக்காவது இந்தப் புத்தி இருக்கா? ஆடும் மாடும் செத்துக்கிட்டிருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் தம்பியோட பீயும் மூத்திரமும் அள்ளினவ நான். இவன் குளிச்ச தண்ணியா எனக்குக் கேவலம்? நீ என்னை வேத்தாளா நெனச்ச பாரு, அதுதாம்மா கேவலம்."

அம்மா அழுதாள். அப்பா இதுதான் சமயம் என்று குடும்பத் தலைவராக மாற முயன்றார். "போதும். இன்னையோட எல்லாத்தையும் நிப்பாட்டு. பூவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கடைப்பூ வாங்கிக்கலாம்."

அம்மா கண்ணைத் துடைத்தாள். "பூவ நிப்பாட்ட மாட்டேன். பீப்பாவத்தான் நிப்பாட்டுவேன்."

அவள் சொன்னதன் அர்த்தம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. சேர்த்து வைத்தால்தானே ஊசிப்போகும்? மூடி இருந்தால்தானே திறக்கத் தோன்றும்? எங்கள் வீடு சரிவில்தான் இருக்கிறது. குளிக்கும் இடம் மேலே, அந்தூரியம் கீழே. அப்பா கடையிலிருந்து துண்டுக் குழாய்கள் கொண்டுவந்தார். முனையில் துணி வடிகட்டி, பிறகு நேராகச் செடிகளுக்கு. தொட்டி அடிகளுக்கு நடுவே குழாயில் துளை போட்டு, மேலே மட்டையைப் பரப்பி மூடினார்கள். குளிக்கக் குளிக்கத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். வெளியில் தேங்கவும் தேங்காது, மொள்ளவும் முடியாது. துணி கும்மிய சவுக்காரத் தண்ணீருக்கு வேறு வழி, சாக்கடைக்கு. குழாய் முழுக்கச் சிவப்புப் பெயின்ட். அத்தை கஞ்சிக் கோப்பையோடு கதிரையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். "தம்பி, அந்த முடக்கு சரியில்ல. ஒழுகுது பாரு. நீ இரும்புக் கடையில என்னத்ததான் விக்கிறே?"

வாசலுக்கு யார் வந்தாலும் அத்தைதான் முதலில் அறிவிப்பாள்: "அந்தா தெரியுதே செவப்புக் குழா, அது குளிச்ச தண்ணி. வாய வச்சிராதீங்க. நான் வச்சேன், ஆஸ்பத்திரியில கிடந்தேன்." இன்று பல்லேகலையில் நான் கட்டிய வீட்டிலும் குளியலறைத் தண்ணீர் வாழைக்குப் போகிறது. வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்குமுன் அந்தக் குழாயைக் காட்டிவிடுவேன். பலர் அதன்பிறகு தேநீரைக் குடிப்பதில்லை. என் மனைவிக்கு அதில் வருத்தம். எனக்குத் தேயிலை மிச்சம்.

சித்தியின் கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா கத்தியோடு வலைக்குக் கீழே போனாள். பூ வந்திருந்தது. ஆனால் அவள் வாக்குக் கொடுத்த அளவுக்கு வரவில்லை. பீப்பாவை ஒட்டி, தேங்கிய தண்ணீர் அதிகம் பட்ட வரிசை ஏற்கனவே அழுகிப் போயிருந்தது. அப்பா மெதுவாகக் கேட்டார்: "கடைக்குச் சொல்லட்டா?" அம்மா வெட்டிக்கொண்டே போனாள். மணவறையின் வலப்பக்கம் பூ நெருக்கமாக வந்தது. இடப்பக்கம் இடைவெளி விட்டு வைத்து, இடைவெளிகளில் அந்தூரியம் இலையையே செருகினாள். கடைப்பூ ஒன்றுகூட வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா மணவறையைத் தொட்டுப் பார்த்தார். "இந்த வறட்சியில எப்படிம்மா?"

அம்மா சபை கேட்க, தலை நிமிர்ந்து சொன்னாள்: "நாங்க குளிச்ச தண்ணிய ஊத்தி வளத்தேன்."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடினாள். பின்வரிசைக் கதிரையிலிருந்து அத்தையின் குரல் எழுந்தது: "என்ன பாக்குறீங்க? பூவுக்கு நல்ல தண்ணி. மனுசருக்குத்தான் ஆகாது. ரெண்டையும் நான் பாத்துட்டேன்."

நடந்தது இவ்வளவுதான். இரண்டு நாள் மூடிக் கிடந்த தண்ணீரைக் குடித்ததால் அத்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது, சேலைன் ஏற்றியதும் சுகமானது. நான் குடித்த அரை டம்ளர் அன்றைய தண்ணீர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.